கொடுப்புக்குள் இரண்டு மில்லி

எங்கள் நண்டுக் கொம்பனியில் மற்றவர்களின் கைகளைப் பார்ப்பதுதான் என் வேலை. காலை ஏழரைக்கு நாற்பத்திரண்டு பெண்கள் வாசலில் வரிசையாக நிற்பார்கள். நகம், மோதிரம், வெட்டுக்காயம், பவுடர் வாசம் எல்லாம் பார்த்து, தலைக்குத் தொப்பி, வாய்க்கு மாஸ்க், கைக்குக் கையுறை போட்ட பிறகுதான் உள்ளே விடுவேன். நானும் அப்படியேதான் போட்டுக்கொள்வேன். அவித்த நண்டின் சதையை ஓட்டுத்துண்டு கலக்காமல் எடுத்துத் தட்டில் வைக்கிற மேசை அது. ஒருத்தி தும்மினால் அந்தத் தட்டு முழுக்கக் குப்பைக்குப் போகும். அருள்நாயகி அக்கா கடலையும் ஒருக்காக் கழுவிப்போட்டுத்தான் குளிப்பா என்று பெட்டைகள் கொடுப்புக்குள் சிரிப்பது எனக்குத் தெரியும். தெரிந்தும் அதில் எனக்கு ஒரு பெருமை இருந்தது.

அது சுத்தம் இல்லை. இப்போது சொல்லிவிடுகிறேன். எச்சில் என்றால் எனக்கு அருவருப்பு. யாருடைய எச்சில் என்றாலும் சரி. அக்காவின் பிள்ளைகள் கடித்துப்போட்டு நீட்டுகிற மாம்பழத்தை, சின்னம்மாவுக்குச் சீனி வருத்தம் என்று பொய் சொல்லித் தட்டிவிடுவேன். பூசையில் நற்கருணை வாங்க முதல் ஆளாகப் போய் நிற்பேன். என்ன பக்தி என்று சனம் சொல்லும். சுவாமியின் விரல் மற்றவர்களின் நாக்கில் படமுன்னம் என் நாக்குக்கு வந்துவிடவேண்டும், அவ்வளவுதான் என் பக்தி. கொரோனா வந்து எல்லாரும் கையில் வாங்குங்கோ என்று சொன்ன ஞாயிற்றுக்கிழமை நான் பட்ட சந்தோசம் ஆண்டவருக்குத் தெரியும். நல்ல காலம், அவர் சொல்லிக்காட்டுகிறவர் இல்லை.

கிருஷிகா எங்கள் கொம்பனிக்கு வந்து இரண்டு மாதம் இருக்கும். இருபத்தொரு வயது, மூக்கும் முழியுமான பிள்ளை. கதை குறைவு, கை கெட்டி. ஒரு சனிக்கிழமை பின்னேரம் அவளைக் கூட்டிக்கொண்டு தாய் பிறின்சி என் வீட்டுக்கு வந்தாள். பிறின்சி கரையில் கருவாடு காயப்போடுகிறவள். புருசன் இல்லை. வாயைக் கட்டி வயிற்றைக் கட்டி இந்த ஒரு பிள்ளையை ஆளாக்கியவள். கதிரையில் இருக்கச் சொன்னேன். இருந்தவள் முதலில் கதவைத்தான் பார்த்தாள்.

“அக்கா, இவளுக்கு வலிப்பு இருக்கு. மூண்டு வருசமா வரேல்லை. இப்ப போன மாதம் ரெண்டு தரம் வந்திட்டுது.”

கையில் இருந்த பையிலிருந்து ஒரு சவர்க்காரப் பெட்டியை எடுத்துத் திறந்தாள். உள்ளே ஊசி இல்லாத ஒரு சிரிஞ்ச். அதற்குள் தண்ணீர் மாதிரி இரண்டு மில்லி மருந்து.

“முந்தி பின்பக்கத்தாலை வைக்கிற மருந்துதான் தந்தவை. குமர்ப்பிள்ளைக்கு வேலையிடத்திலை உடுப்பை விலக்கி ஆர் வைக்கிறது? இப்ப கிளினிக்கிலை இதைத் தந்திருக்கினம். கன்னத்துக்கும் பல்முரசுக்கும் நடுவிலை, கொடுப்புக்குள்ளை விட்டாச் சரி. பல்லைத் திறக்கத் தேவையில்லை, விழுங்கத் தேவையில்லை. அந்த மெல்லிய தோலாலையே ரத்தத்துக்குப் போயிடுமாம். அஞ்சு நிமிசத்துக்கு மேலை வலிச்சால் மட்டும் குடுக்கவேணும். அரைவாசி ஒரு பக்கம், அரைவாசி மற்றப் பக்கம்.”

“விளங்குது,” என்றேன்.

அவள் இன்னொரு வெறும் சிரிஞ்சை எடுத்து, ஒரு கோப்பை தண்ணீர் கேட்டாள்.

“ஒருக்காத் தண்ணியாலை பழகிப் பாருங்கோ அக்கா. கிளினிக்கிலை எனக்கும் அப்பிடித்தான் பழக்கினவை.”

கிருஷிகா முகத்தை என் பக்கம் திருப்பினாள். தன் விரலாலேயே உதட்டோரத்தை விலக்கிக் கன்னத்தின் உட்பக்கத்தைக் காட்டினாள். சிவப்பாக, ஈரமாக இருந்தது. மேல் உதட்டுக்கும் கீழ் உதட்டுக்கும் நடுவில் எச்சில் ஒரு நூலாக இழுபட்டது.

“வேண்டாம் பிள்ளை,” என்று எழும்பிவிட்டேன். “இதென்ன பெரிய வித்தையே? எனக்கு வடிவா விளங்கிட்டுது.”

அவள் வாயை மூடினாள். என்னைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு இருந்தாள். பிறகு தாயின் கையிலிருந்த சிரிஞ்சை வாங்கிப் பைக்குள் வைத்தாள்.

பிறின்சி எதையும் கவனிக்கவில்லை. அவளுக்கு வேறு பயம். “ஒருத்தருக்கும் சொல்லிப்போடாதேங்கோ அக்கா. கீரிப் பக்கத்திலையிருந்து சம்பந்தம் பேசியிருக்கினம். பெடியன் டிலோஜன், நல்ல பெடியன். அவரின்ரை மாமி அன்ரோனெற் உங்கடை மேசையிலைதான் வேலை செய்யிறா. அவவின்ரை காதிலை விழுந்துதெண்டால் எல்லாம் முடிஞ்சுது.”

உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூடமுடியாது, என் வாயைப் பற்றி நீ யோசிக்காதே என்று சொல்லி அனுப்பினேன். ஒரு குமர்ப்பிள்ளையின் வாழ்வு என் கையில் என்று அன்றிரவு எனக்கு நல்ல நித்திரை. அடுத்த திங்களிலிருந்து கிருஷிகா காலையில் வாசலில் கை காட்டும்போது அந்தச் சவர்க்காரப் பெட்டியையும் ஒளித்துத் தருவாள். நான் ஏப்பிரன் பொக்கற்றில் போட்டுக்கொள்வேன். பின்னேரம் திருப்பிக் கொடுப்பேன். ஒருநாளும் மறந்ததில்லை.

மடுத் திருநாள் முடிந்து அடுத்த கிழமை. செவ்வாய்க்கிழமை, பத்து மணி பத்து நிமிடம். மேசையின் அந்தத் தொங்கலில் தட்டு விழுந்த சத்தம் கேட்டது. நான் திரும்பமுதலே கிருஷிகா தரையில் கிடந்தாள். கையும் காலும் வெட்டி வெட்டி இழுத்தது. பெட்டைகள் குழறினார்கள். “திறப்பு! திறப்புக் குடுங்கோ!” என்று ஒருத்தி கத்தினாள். வலிப்பு வந்தவரின் கையில் சாவி, இரும்பு என்று ஏதாவது கொடுப்பது எங்கள் வழக்கம். பிரயோசனம் இல்லை என்று டொக்டர்மார் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறார்கள். சொன்ன டொக்டரின் தாயும் அந்த நேரம் திறப்பைத்தான் தேடுவா. அன்ரோனெற் ஓடிப்போய் ஸ்டோர்த் திறப்புக் கோர்வையை எடுத்துவந்து அவளின் இடக்கைக்குள் திணித்தாள். விரல்கள் அதை இறுக்கிப் பிடித்துக்கொண்டன.

நான் அவளை ஒருபக்கமாகச் சரித்துப் படுக்கவைத்தேன். அந்த அளவுக்குச் செய்தேன். அவளின் மாஸ்க்கைக் கழற்றிவிட்டேன். சுவர் மணிக்கூட்டைப் பார்த்தேன். மூன்று நிமிடம். நான்கு. அன்ரோனெற் திடீரென்று கையை விரித்து எல்லாரையும் தள்ளத் தொடங்கினாள். “காத்து வரட்டும், எல்லாரும் வெளியிலை வாங்கோ. அருள் பாத்துக்கொள்ளுவா. வாங்கோ வெளியிலை.” என் மேசையில் இவளென்ன அதிகாரம் பண்ணுகிறாள் என்று அந்த நேரத்திலும் எனக்கு ஓர் எரிச்சல் வந்தது. கடைசி ஆளையும் வெளியே விட்டுக் கதவையும் சாத்திக்கொண்டு போனாள்.

ஐந்து நிமிடம். அந்தப் பெரிய மண்டபத்தில் நானும் கிருஷிகாவும் மட்டும்.

பெட்டியை எடுத்தேன். சிரிஞ்சின் மூடியைக் கழற்றினேன். முழந்தாளில் இருந்து குனிந்தேன். அவளின் வாயோரத்தில் நுரை. நாக்கைக் கடித்திருந்தாள் போல, நுரையில் இரத்தம் கலந்திருந்தது. ஒரு விரலை உதட்டோரத்தில் கொளுவிக் கன்னத்தை விலக்கவேண்டும், சிரிஞ்சின் நுனியை உள்ளே வைக்கவேண்டும், மெல்ல அமத்தவேண்டும். இவ்வளவுதான். விரலைக் கொண்டுபோனேன். நுரை பட்டது. சூடாக இருந்தது. கையை இழுத்துக்கொண்டேன். திரும்பவும் கொண்டுபோனேன். திரும்பவும் இழுத்துக்கொண்டேன். மூன்றாம் தரம் கை போகவே இல்லை. சிரிஞ்சுக்கு மூடியைப் போட்டேன். பெட்டியில் வைத்தேன். பெட்டியைப் பொக்கற்றுக்குள் வைத்தேன். பிறகு கதவைத் திறந்து, “ஓட்டோவைக் கூப்பிடுங்கோ,” என்று கத்தினேன்.

நௌஷாட் தம்பியின் ஓட்டோ சந்தியில் நின்றது. கொம்பனிக்குப் பின்னால்தான் பிறின்சி வேலை செய்கிற கருவாட்டு வாடி. பிறின்சி உப்புக் கையோடு ஓடிவந்து ஏறினாள். மகளின் தலையை மடியில் வாங்கிக்கொண்டு என்னிடம் குசுகுசுத்தாள். “அக்கா, மருந்து குடுத்தனீங்களோ?”

“ஓம்.”

“ஆண்டவரே. அப்ப இப்ப நிண்டிடும்.”

எங்கள் பேசாலையிலிருந்து மன்னார்ப் பெரியாசுப்பத்திரி வரைக்கும் அவள் வெளியே பார்க்கவில்லை. இப்ப நிற்கும், இந்தா நிற்கும் என்று மகளின் முகத்தையே பார்த்துக்கொண்டு வந்தாள். தாழ்வுபாட்டுச் சந்தியில், “இன்னும் நிக்கேல்லையே அக்கா,” என்றாள். “கொஞ்சம் நேரம் எடுக்கும்,” என்றேன். நௌஷாட் தம்பி, “மருந்து குடுத்தாச்செண்டால் பயமில்லை அக்கா, அல்லா இருக்கிறான்,” என்று முன்னாலிருந்து ஆறுதல் சொன்னான். பெட்டி என் தொடையில் முட்டிக்கொண்டே வந்தது.

வாசலில் நேர்ஸ் கேட்டா: “வரமுதல் மருந்து ஏதும் குடுத்தனீங்களோ?” ஓம், கொடுப்புக்குள்ளை என்றேன். அவ எழுதிக்கொண்டா. ஆண்டவரை மறுதலித்த இராயப்பருக்காவது ஒரு சேவல் கூவியது.

கட்டிலில் போட்டு, வலக்கையில் ஊசி ஏற்றினார்கள். வலிப்பு நிற்கவில்லை. டொக்டர் ஓர் இளம் பிள்ளை. கிருஷிகாவைவிட ஏழெட்டு வயதுதான் கூட இருக்கும். அவ நேராக என்னிடம் வந்தா.

“நீங்கள்தானே முதல் மருந்து குடுத்தது? முழுக்க உள்ளை போனதோ, வெளியாலை வழிஞ்சதோ?”

நான் ஏப்பிரன் பொக்கற்றைப் பொத்திப் பிடித்தேன்.

“வடிவா யோசிச்சுச் சொல்லுங்கோ. நாங்கள் இப்ப போட்டதும் அதே சாதி மருந்துதான். உங்கடை மருந்தும் முழுக்கப் போயிருந்தால் இன்னொருக்காப் போட ஏலாது, மூச்சு நிண்டிடும். மயக்கி, தொண்டைக்குக் குழாய் விட்டு, மெசினிலைதான் வைக்கவேண்டி வரும். போகேல்லை எண்டால் இன்னொருக்காப் போட்டுப் பாக்கலாம். எவ்வளவு போனது?”

நான் பதில் சொல்லமுதல் பிறின்சி சொன்னாள். “முழுக்கக் குடுத்திருப்பா டொக்டர். அருள் அக்கா எதையும் வடிவாத்தான் செய்வா.”

கையைப் பொக்கற்றுக்குள் விட்டேன். பெட்டியைத் திறந்து சிரிஞ்சை எடுத்து இரும்புத் தட்டில் வைத்தேன். இரண்டு மில்லி. ஒரு துளி குறையவில்லை.

டொக்டர் அதைப் பார்த்தா. என்னைப் பார்க்கவில்லை. அதற்கு அவவுக்கு நேரம் இருக்கவில்லை. திரும்பி நேர்ஸிடம் ஏதோ சொன்னா, இன்னொரு ஊசி போனது. மூன்று நிமிடம் இருக்கும். முதலில் கால் நின்றது, பிறகு தோள். கடைசியாக இடக்கை விரிந்தது. ஸ்டோர்த் திறப்புக் கோர்வை தரையில் விழுந்தது. நான் குனிந்து எடுத்தேன். நிமிர்ந்தபோது பிறின்சி என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

“ஏனக்கா?”

பொய் சொன்னாலும் பொருந்தச் சொல்லவேண்டும் என்பார்கள். எனக்கு உடனே பொருந்தியது.

“சனமெல்லாம் பாத்துக்கொண்டு நிண்டது, பிறின்சி. அன்ரோனெற் தலைமாட்டிலை. மருந்தை எடுத்தால் பழைய வருத்தமெண்டு விளங்கிடும், சம்பந்தம் குழம்பிடும் எண்டு யோசிச்சிட்டன்.”

அவள் அடித்திருந்தால் வாங்கியிருப்பேன். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். “நான்தானே ஒளிக்கச் சொன்னனான். நான்தான் என்ரை பிள்ளையை இந்தப் பாடு படுத்தினனான். பிழை என்னிலைதான் அக்கா.” இல்லை என்று ஒரு சொல் நான் சொல்லவில்லை. அவளுடைய கை முழுக்க உப்பு. அதைத் தட்டவும் மனம் வரவில்லை, பிடிக்கவும் மனம் வரவில்லை. வெட்கம் என்றால் முகம் சிவக்கும் என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். எனக்குக் கால் இரண்டும் குளிர்ந்தது.

ஊருக்குள் என் பொய் என்னைவிட வேகமாகப் போய்ச் சேர்ந்தது. இனி ஒளிக்க என்ன இருக்கு என்று பிறின்சியே அழுதழுது சொல்லியிருந்தாள்; தாங்கள் கதவுக்கு வெளியில் நின்றதை ஒருத்தியும் யோசிக்கவில்லை. வாக்குக் கொடுத்தால் அருள்நாயகி மாதிரிக் காப்பாற்றவேண்டும் என்று கடையில் ஒருத்தி என் காதுபடச் சொன்னாள். சனிக்கிழமை பாவசங்கீர்த்தனத்துக்குப் போனேன். “பொய் சொன்னேன் சுவாமி,” என்றேன். என்ன பொய் என்று அவர் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. மூன்று அருள்நிறைந்த மரியே சொல்லச் சொன்னார். சொன்னேன். மலிவாக முடிந்துவிட்டது என்று எழும்பினால், முழந்தாள் இரண்டும் மண்டபத் தரையில் குனிந்திருந்த மாதிரியே நொந்தது.

கிருஷிகா ஆறு நாள் ஆசுப்பத்திரியில் இருந்தாள். கடிபட்ட நாக்கு வீங்கி, கதை குழறியது. இரண்டு கிழமைக்குச் சில சொற்கள் வரவில்லையாம். கத்தரிக்காயைக் காட்டி, அது என்னம்மா என்று கேட்டாளாம். நான் ஒரு தரம் பார்க்கப் போனேன். தோடம்பழம் கொண்டுபோனேன். அவள் நித்திரை என்றதும் எனக்கு வந்த நிம்மதியை நினைத்தால் இப்போதும் கூசுகிறது.

மூன்றாம் கிழமை வேலைக்கு வந்தாள். காலையில் வரிசையில் நின்று கையை நீட்டினாள். பார்த்தேன். பெட்டியைத் தரவில்லை. நாள் முழுக்க என் பொக்கற் வெறுமையாக இருந்தது. பின்னேரம் எல்லாரும் போனபிறகு, உடுப்பு மாற்றுகிற அறைக்கு அவள் வந்தாள். கையில் அதே சவர்க்காரப் பெட்டி, இன்னொரு வெறும் சிரிஞ்ச், ஒரு கோப்பை தண்ணீர். மரவாங்கில் இருந்தாள். என்னையும் இருக்கச் சொன்னாள்.

நான் முந்திக்கொண்டேன். “பிள்ளை, அன்ரோனெற் நிண்டபடியாலைதான்...”

“மாமிக்குத் தெரியும் அக்கா.”

“என்ன?”

“டிலோஜனுக்கு நான் முதல் நாளே சொல்லிப்போட்டன். அவர் கிளினிக்குக்கும் வந்து பழகினவர். மாமிக்கு அவர்தான் சொன்னவர். அவைக்கு முதலே தெரியுமெண்டு அம்மாவுக்குத்தான் தெரியாது. மாமி சனத்தை வெளியிலை கொண்டுபோய்க் கதவைச் சாத்தினதே, நீங்கள் மருந்து குடுக்கட்டும் எண்டுதானாம்.”

அந்த அறையில் ஒரு சின்ன யன்னல் இருக்கிறது. நான் அதைப் பார்த்துக்கொண்டு இருந்தேன். மூன்று கிழமையாக அன்ரோனெற் என் எதிரில் நின்று நண்டுச் சதை எடுத்திருக்கிறாள். சனம் பார்த்துக்கொண்டு நின்றது என்று நான் சொல்லித் திரிந்ததெல்லாம் அவள் காதில் விழுந்திருக்கும். ஒரு சொல் கேட்கவில்லை. பிறின்சிக்கும் சொல்லவில்லை.

“எச்சில் எண்டால் எனக்கு ஏலாது பிள்ளை,” என்றேன். “அருவருப்பு. வேறை ஒண்டுமில்லை.”

“தெரியும். உங்கடை வீட்டிலை நான் வாயைத் திறந்த அண்டைக்கே கண்டனான்.” அவள் சொற்களைத் தேடித் தேடி எடுத்தாள். “அண்டைக்கே அம்மாட்டைச் சொல்லியிருக்கவேணும். எனக்கு வெக்கமாக் கிடந்தது. என்ரை வாயைப் பாத்து ஒராள் அருவருக்கிறா எண்டு எப்பிடிச் சொல்லுறது?”

வெட்கப்படவேண்டியவள் நான். அதைக்கூட அந்தப் பிள்ளை எனக்காகப் பட்டிருக்கிறது.

“வேறை ஆரையும் கேளம்மா. அன்ரோனெற்றையே கேக்கலாமே.”

“மாமி பதறுவா, அண்டைக்குத் திறப்பைக் கொண்டந்து திணிச்சவதானே. நீங்கள் பதறமாட்டியள். மணிக்கூட்டைப் பாத்தனீங்களாம், சரிச்சுக் கிடத்தினனீங்களாம், பெட்டியை ஒருநாளும் மறக்கேல்லை. உங்களுக்கு ஏலாதது ஒண்டே ஒண்டுதான். அதைப் பழகினாச் சரி. நான் இஞ்சைதான் வேலை செய்யவேணும் அக்கா.”

சிரிஞ்சில் தண்ணீரை அவளே இழுத்து என்னிடம் நீட்டினாள். நான் எழும்பினேன். “பொறு பிள்ளை. கிளவுஸ் எடுத்துக்கொண்டு வாறன்.”

“அண்டைக்கும் கிளவுஸ் போட்டுக்கொண்டுதானே அக்கா இருந்தனீங்கள்.”

கோபமாகச் சொல்லவில்லை. கத்தரிக்காயின் பெயரைத் திரும்பக் கண்டுபிடித்தவள் போல, சும்மா சொன்னாள்.

மேலே எழுதியதைத் திரும்பிப் பார்க்கிறேன். விரலில் நுரை பட்டது, சூடாக இருந்தது என்றுதான் எழுதியிருக்கிறேன். மாஸ்க்கைக் கழற்றியதைச் சொன்ன நான், கையுறையைச் சொல்லவில்லை. உங்களிடம்கூட. என் தோலில் ஒன்றும் படவில்லை. ஒரு துளிகூட.

திரும்பி வந்து இருந்தேன். வெறுங்கை. அவள் உதட்டை விலக்கிப் பிடிக்கவில்லை, என்னையே செய்ய விட்டாள். ஆட்காட்டி விரலை வாயோரத்தில் வைத்துக் கன்னத்தை இழுத்தேன். உள்ளே வழுவழுப்பாக, குழந்தையின் உள்ளங்கை மாதிரி இருந்தது. எச்சில் என் நகக்கண்ணுக்குள் இறங்கியது. கண்ணால் தண்ணீர் வந்தது. கையை இழுக்கவில்லை. சிரிஞ்சின் நுனியை முரசுக்குப் பக்கத்தில் வைத்து மெல்ல, மெல்ல அமத்தினேன். பாதியில் நிறுத்தினேன்.

அவள் வாயை மூடிக்கொண்டு, கண்ணால் என்னைப் பார்த்துச் சரி என்றாள். பிறகு முகத்தைத் திருப்பி மற்றக் கன்னத்தைக் காட்டினாள்.